இரண்டாவது கியரை மறித்த சட்டம்

1989-ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட்டில் ஆறு கியர் கொண்ட புதிய மேனுவல் பெட்டி பொருத்தப்பட்டது. சிக்னலில் இருந்து நிதானமாக வண்டியை எடுத்து, மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகம் வந்ததும் இரண்டாவது கியருக்காக லிவரைப் பின்னால் இழுத்தால், அது இரண்டாவதில் விழாது. உள்ளே ஒரு சொலினாய்டு அந்தப் பாதையை மறித்து, லிவரைப் பக்கத்தில் இருக்கும் நான்காவது கியருக்குத் தள்ளிவிடும். ஒன்றிலிருந்து நான்குக்குப் போகச் சொல்லி டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தி மிதித்தால்தான் இரண்டாவது கியர் கிடைக்கும்.

இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்காவில் 1978-இல் தனி வரி கொண்டுவந்தார்கள். சோதனையில் ஒரு கேலனுக்கு 22.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் ஓடாத கார் அந்த வரிக்குள் வரும். நடுவில் இரண்டு கியரைத் தாண்டிவிட்டால் இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே ஓடும். சோதனைத் தாளில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும். கார்வெட் வரியிலிருந்து தப்ப அந்தக் கொஞ்சம் உதவியது. கார் வாங்கியவர்களோ வேறு வழி கண்டுபிடித்தார்கள். சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டர் பொருத்திய சின்னப் பிளக் ஒன்றைச் செருகினால், சொலினாய்டு இன்னும் அங்கேயே இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த கார்வெட், கமாரோ மாடல்களுக்கும் இத்தகைய பிளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அது செருகப்பட்ட காரில் தாளில் காட்டிய மிச்சம் சாலையில் கிடைக்காது.

கார் ஓட்டுவதை ஒரு சுகமாக அனுபவிப்பவர்களுக்கும் மைலேஜ் சட்டங்களுக்கும் இடையே அரை நூற்றாண்டாக நடக்கும் இழுபறியின் சாரம் இந்தக் கியர்பெட்டியில் இருக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்துவது ஓட்டும் இன்பத்துக்கு எதிரி அல்ல. சோதனைச்சாலையில் மட்டும் மிச்சம் காட்டும்படி விதி எழுதப்படும்போதுதான் ஓட்டுநர் எதையோ இழக்கிறார்.

சட்டத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தன. 1975 டிசம்பரில் சட்டம் வந்தது. 1978 மாடல் கார்கள் கேலனுக்குச் சராசரியாக 18 மைலும், 1985 மாடல்கள் 27.5 மைலும் தர வேண்டும் என்றது அது. லிட்டர் கணக்கில் ஏழரைக்குச் சற்று மேலிருந்து பதினொன்றரைக்கு மேல். பிறகு புவி வெப்பமும் கணக்கில் சேர்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஐரோப்பா அந்த வாயுவையே கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளந்து, 2020-21-இல் 95 கிராம் என்ற இலக்கை வைத்தது. இந்தியாவில் 2017-18 முதல் 130 கிராம், 2022-23 முதல் 113 கிராம். நம் ஊர் மைலேஜ் கணக்கில், லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டரிலிருந்து 21 கிலோமீட்டருக்கு ஏறியிருக்கிறது எதிர்பார்ப்பு.

இவை தனித்தனிக் கார்களுக்கான வரம்பு அல்ல. ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் விற்கும் கார்களின் சராசரிக்கான வரம்பு. ஐரோப்பாவில் சராசரி ஒரு கிராம் கூடினால், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஆகவே புகை அதிகம் விடும் ஒரு கார் தன் விலையோடு ஒரு பெரிய பாரத்தையும் நிறுவனத்தின் தலையில் ஏற்றுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பேர்போன ஆஸ்டன் மார்ட்டின், 2011-இல் டொயோட்டாவின் குட்டி ஐக்யூ காரை எடுத்து உள்ளும் புறமும் அழகுபடுத்தி ‘சிக்னெட்’ என்று விற்றதற்குப் பின்னால் இந்தச் சராசரிக் கணக்கு இருந்தது.

இன்ஜினுக்குள் நடந்த மாற்றம்தான் காதுக்கு முதலில் தெரிந்தது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, காற்று நுழையும் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். கீழே இறங்கும் பிஸ்டன் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கத் திணற வேண்டும். அந்தத் திணறலுக்கே பெட்ரோல் செலவாகிறது. நகர வேகத்தில் ஒரு பெரிய இன்ஜின் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. அதே வேலையைச் சின்ன இன்ஜினிடம் கொடுத்தால் வால்வு அகலத் திறக்கும், விரயம் குறையும். வேகம் தேவைப்படும்போது மட்டும் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்.

பி.எம்.டபிள்யூ எம்5 இந்தக் கதையை ஒரே பெயரில் சொல்கிறது. 2005-இல் விற்பனைக்கு வந்த எம்5-இல் டர்போ இல்லாத ஐந்து லிட்டர் வி10 இன்ஜின். நிமிடத்துக்கு 8,000 சுழற்சியைத் தாண்டிப் பாடும். ஐரோப்பிய சோதனையில் 100 கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர் குடித்தது. 2011-இல் வந்த அடுத்த எம்5-இல் இரட்டை டர்போ வைத்த 4.4 லிட்டர் வி8. குதிரைத்திறன் 507-லிருந்து 560-க்கு ஏறியது, பெட்ரோல் 9.9 லிட்டருக்கு இறங்கியது. பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய சாதனை. ஆனால் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் புகைக்குப் பழைய துடிப்பு இல்லை. அந்தக் குறையை நிரப்ப, இன்ஜினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அதன் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் காருக்குள் ஒலிக்கவைத்தார்கள். வி10-ஐக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்ததில் நியாயம் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு ஸ்விஃப்ட் நெருக்கமான உதாரணம். 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர் இன்ஜின் போய், அதே 1.2 லிட்டரில் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. ஒரு சிலிண்டர் குறைந்தால் உரசும் பாகங்கள் குறையும், வெப்பம் கசியும் பரப்பும் குறையும். மேனுவல் வண்டியின் சோதனை மைலேஜ் லிட்டருக்கு 22.38-லிருந்து 24.8 கிலோமீட்டர் ஆனது. திறன் 90-லிருந்து சுமார் 82 குதிரைத்திறனாகக் குறைந்தது. தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு இந்தப் பரிமாற்றம் லாபம்தான். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட மூன்றாவது கியரில் இன்ஜினை முழுச் சுழற்சிக்கு விரட்டி மகிழ்ந்தவருக்கு, பழைய இன்ஜினின் வழவழப்பு இதில் இல்லை.

காதுக்குத் தெரிந்ததைவிடக் கைக்குத் தெரிந்த மாற்றம் நுட்பமானது. வளைவில் முன் டயர், தான் நோக்கும் திசையிலிருந்து சற்று விலகியே உருளும். அப்போது சாலை அந்த டயரை மறுபடி நேராக்கப் பார்க்கும். அந்த இழுவைதான் ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிகிறது. வளைவில் வேகம் கூடக் கூடக் கனமும் கூடும். ஆனால் டயரின் பிடி உச்சத்தைத் தொடும் முன்பே இந்தக் கனம் தன் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். கையில் ஸ்டீயரிங் மெல்ல இலேசாகும் அந்த நொடி, இன்னும் கொஞ்சம் போனால் வழுக்கிவிடும் என்று டயர் தரும் எச்சரிக்கை. தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவின் எல்லையை அறிவதில் கண்ணுக்கு இருக்கும் பங்கு இந்த உணர்வுக்கும் உண்டு.

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இந்தச் செய்தியைப் பெருமளவு அப்படியே கைக்குக் கொண்டுவந்தது. அதன் குறை வேறு. எண்ணெயை அழுத்தும் பம்பை இன்ஜின் பெல்ட் வழியாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி நேராகப் போனாலும் சரி. மின் மோட்டார் ஸ்டீயரிங் திருப்பும்போது மட்டும்தான் சக்தியைக் கேட்கும். மைலேஜ் சோதனையில் கார் ரோலர் மேல் நின்ற இடத்தில் ஓடுகிறது. அங்கே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. அதனால் மோட்டாரின் செலவு தாளில் ஏறக்குறைய பூஜ்யம். நிறுவனங்கள் வரிசையாக மாறியதற்கு இது ஒரு வலுவான காரணம். 2011-இல் போர்ஷே 911-உம் மாறியபோது ரசிகர்களிடமிருந்து எழுந்த குரல் கடுமையாக இருந்தது. மோட்டாரின் எடையும் அதன் பல்சக்கர உராய்வும் டயரிலிருந்து வரும் நுண்ணிய அதிர்வுகளை வழியிலேயே விழுங்கிவிட்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் மென்பொருளும் இயந்திர அமைப்பும் தேறின. இன்றைய 911-இன் ஸ்டீயரிங்கைப் புகழ்பவர்கள் நிறையப் பேர். இழந்ததில் ஒரு பகுதியைப் பொறியாளர்கள் மீட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

அப்படி எளிதில் மீட்க முடியாத ஒன்று எடை.

ஐரோப்பாவில் 2020 முதல் 2024 வரை இருந்த விதியில், ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியாக 100 கிலோ கனத்தால், அதன் இலக்கு சுமார் 3.3 கிராம் தளர்ந்தது. பொறியாளர் பாடுபட்டு எடையைக் குறைத்தால், அவர் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கைச் சட்டமே திரும்ப எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 2011 மாடலிலிருந்து, நான்கு சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பு பெரிதாக இருந்தால் இலக்கு சலுகையாக இருக்கும் என்று வைத்தார்கள். அதற்கும் முன்பிருந்தே அங்கே லைட் டிரக் வகைக்குத் தளர்வான தனி இலக்கு உண்டு. சுபாரு தன் 2005 மாடல் அவுட்பேக்கைத் தரையிலிருந்து இன்னும் சற்று உயர்த்தி, டிரக் என்று பதிவாகும்படி மாற்றியது. உயர்த்தினால் ஈர்ப்பு மையம் மேலே போகும், வளைவில் வண்டி அதிகம் சாயும். மைலேஜுக்காக எழுதிய சட்டம் மைலேஜையும் கூட்டாமல், ஓட்டும் சுகத்தையும் குறைத்த இடம் இது.

சுஸுகி ஜிம்னிக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை, எளிய 1.5 லிட்டர் இன்ஜின், காட்டுப் பாதையிலும் அஞ்சாத கார். கட்டம் கட்டமான அதன் உடலும் நான்கு சக்கர ஓட்டமும் பெட்ரோல் கேட்கின்றன என்பது உண்மை. சராசரியை அது கெடுத்ததால் 2020-இல் ஐரோப்பாவின் பயணிகள் கார் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு பின் இருக்கைகள் அகற்றப்பட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சரக்கு வாகனமாகத் திரும்பி வந்தது. சரக்கு வாகனங்களுக்கு இலக்கு வேறு.

அதே ஐரோப்பாவில் 2024-இல் வந்த புதிய எம்5-ஐப் பாருங்கள். வி8 இன்ஜினோடு மின் மோட்டாரும், சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் சேர்ந்து 727 குதிரைத்திறன், எடை 2.4 டன்னுக்கு மேல். சோதனைத் தாளில் அதன் புகை கிலோமீட்டருக்கு 40 கிராமுக்கும் குறைவு. பேட்டரி தீர்ந்தபின் 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்த 40 கிராம், உரிமையாளர் தவறாமல் சார்ஜ் போட்டு ஓட்டுவார் என்ற அனுமானத்தில் கிடைத்த எண். சாலையில் ஓடும் கார்களிலிருந்தே திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட் கார்கள் சோதனை எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு புகை விட்டிருந்தன. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் வித்தியாசம் சுமார் 20 சதவீதம்தான்.

எடை கூடினால் ஓட்டும் இன்பம் எப்படிக் குறைகிறது என்பது எளிய இயற்பியல். கனமான கார் திரும்பவும் நிற்கவும் அதிக விசை கேட்கும். அதற்கு அகலமான டயர், பெரிய பிரேக், விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். அவை ஒவ்வொன்றும் இன்னும் எடையைக் கூட்டும். இலேசான காரில் இந்தச் சங்கிலி எதிர்த்திசையில் ஓடுகிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 அதற்குச் சாட்சி. ஜப்பானில் விற்ற அடிப்படை மாடல் 990 கிலோ. டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல். முந்தைய காரைவிட ஏறக்குறைய 100 கிலோ குறைக்க மாஸ்டாவின் பொறியாளர்கள் ஒவ்வொரு பாகத்திலும் கிராம் கிராமாகச் செதுக்கினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் கொண்டாடிய அந்தக் கார், மைலேஜிலும் முந்தையதை மிஞ்சியது. கோவையின் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் எல்.ஜி.பி. ஃபார்முலா பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கார்களில் இருப்பது சுஸுகியின் 1.3 லிட்டர் இன்ஜின்தான். எடை இல்லாததால் அது போதுகிறது.

இந்தியாவில் மூன்றாம் கட்ட விதிகளை 2027 ஏப்ரலில் தொடங்கத் திட்டம். எரிசக்தித் திறன் பணியகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவில், 909 கிலோவுக்கு மிகாத, 1,200 சி.சி.க்குள், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 3 கிராம் சலுகை சொல்லப்பட்டிருந்தது. சிறிய கார்களை அதிகம் விற்கும் மாருதி இதை வரவேற்றது. டாடாவும் மஹிந்திராவும் எதிர்த்தன. எதிர்ப்பில் அர்த்தம் உண்டு. 909 கிலோவில் கோடு போட்டால் 920 கிலோ காரை இன்னும் இளைக்க வைக்க ஊக்கம் கிடைக்கும், 1,100 கிலோ காரைத் தொட யாருக்கும் காரணம் இருக்காது. அதைவிட, சூத்திரத்தில் எடைக்குத் தரும் தளர்வையே குறைப்பது நேர்மையான வழி. இரண்டாம் கட்ட விதியில், நிறுவனத்தின் கார்கள் சராசரியாக 100 கிலோ கூடினால் 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் கூடுதலாகக் குடிக்க அனுமதி இருக்கிறது. அந்த 0.2 பாதியானால்கூட, எடை குறைக்கும் நிறுவனத்துக்கு அதன் பலன் கூடுதலாகத் தங்கும். ஹேட்ச்பேக்கிலிருந்து எஸ்.யு.வி. வரை எந்தக் காரும் விலக்கு கேட்க வேண்டியிராது. மைலேஜ் விதி என்றாலே முகம் சுளிக்கும் கார் ரசிகர்கள், வரைவு பற்றிய விவாதத்தில் உரக்கக் கேட்க வேண்டிய திருத்தம் இது.