மூச்சுவிடும் வெளிச்சுவர்க் காப்பு

மூச்சுவிடும் வெளிச்சுவர்க் காப்பு என்பது பழைய வீட்டின் சுவருக்கு வெளிப்புறத்தில் அமைக்கப்படும் ஓர் அடுக்கு ஆகும். இது வெயிலையும் மழையையும் தாங்கும். அதே சமயம் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் வழிவிடும். இங்கு 'மூச்சு' என்பது காற்றோட்டத்தைக் குறிப்பதன்று. நீராவி கடந்து செல்வதையே குறிக்கிறது. மரம் சேர்ந்த பழைய கட்டடங்களில் ஈரம் அடைபட்டால் மரம் உளுத்துப் போகும் என்பதால், அவற்றுக்கு இந்தப் பண்பு இன்றியமையாதது.

மரச்சட்ட வீடுகள்

ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் மரச்சட்டங்களைக் கூடாக நிறுத்தி, இடைவெளிகளை மண்ணாலும் செங்கல்லாலும் நிரப்பிய பழைய வீடுகள் ஏராளம். காஷ்மீரின் 'தஜ்ஜி திவாரி' வீடுகளும் இவ்வகையே. 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இத்தகைய வீடுகள் பலவற்றின் மேல் சிமெண்ட் பூசப்பட்டது. பூச்சின் விரிசல்கள் வழியே புகுந்த மழைநீர் வெளியேற முடியாமல் சட்டங்களை அழுக வைத்தது. அதனால் இன்று அங்கு மரநார்ப் பலகைகளைப் பொருத்தி, அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசும் முறை கையாளப்படுகிறது.

சின்ன காஞ்சிபுரத்து வீடுகள்

வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் பழைய திண்ணை வீடுகள் முழுமையான மரச்சட்ட வீடுகள் அல்ல. சுமையின் பெரும்பகுதியைச் செங்கற்சுவரே தாங்குகிறது. ஆனால் தூண், உத்திரம், விட்டம், கைமரம், நிலை ஆகியவை மரத்தால் ஆனவை. உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். எனவே சுவர் நனைந்தே இருந்தால் அந்த முனைகளும் நனைந்தே இருக்கும்.

பழைய கொத்தனார்களும் தச்சர்களும் இதை அறிந்தே கட்டினார்கள். மரத்தூண் தரையில் ஊன்றப்படாமல் கல்லின் மேல் நிற்கும். வீடு தெருவைவிட உயர்ந்திருக்கும். இறவாரம் மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளி விழச் செய்யும். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அவ்வப்போது வெள்ளையடிப்பார்கள்.

நெசவாளர் வீட்டில் ஈரம் தொழிலையும் பாதிக்கும். குழித்தறியின் குழி தரை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் ஓதம் எளிதில் எட்டும். ஓதத்தில் சரிகையின் வெள்ளி கருக்கும்.

சிமெண்ட் பூச்சின் விளைவு

வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த நீர் அப்படியே ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் அந்த வழியைக் குறுக்கிவிடும். அதனால் நீர் இன்னும் உயரத்துக்கு ஏறும். அதில் கரைந்த உப்பு படிகமாகும்போது செங்கல் பொரிந்து உதிரும். வெளிப்பார்வைக்குப் புதிதாகத் தெரியும் சுவரின் உள்ளே செங்கல்லும் மரமும் கெட்டுக்கொண்டிருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் பூஞ்சை பொதுவாக வளராது. தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால் உளுத்தலுக்கு வாய்ப்புண்டு.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதம்

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் விட்டால் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். தமிழகக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பது வழக்கம். எல்லோராக் குகைகளின் மண்பூச்சில் சணல் வகைச் செடியின் நார் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பூச்சில் நார் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று.

வெப்பக் காப்பு தேவையா?

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைச் சீராக்குமே தவிர, வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. செங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.7 வாட்/மீட்டர்-கெல்வின், மரநார்ப் பலகைக்குச் சுமார் 0.04 மட்டுமே. ஆயினும் ஐரோப்பிய முறையை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. காரணங்கள் மூன்று:

1. நம் ஊரில் ஓட்டுவீட்டுக்குள் வெப்பம் பெரும்பாலும் கூரை வழியே இறங்குகிறது. கூரையையும் மேற்குச் சுவரையுமே முதலில் கவனிக்க வேண்டும்.
2. மரநார்ப் பலகை கறையானுக்கு இரையாகும். பொருத்துவதானால் தரையிலிருந்து ஓரடிக்கு மேலேயே பொருத்த வேண்டும்.
3. குளிர்நாட்டில் நீராவி பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே செல்கிறது. இங்கே குளிர்சாதனம் இயங்கும் அறையில் அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உட்சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் அதன் பின்னே நீர் திரளும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் ஓட்டு ஒழுக்கையும் சாக்கடைக் கசிவையும் சரிசெய்ய வேண்டும். அடுத்து, சிமெண்ட் பூச்சைக் கையுளியால் மெல்ல அகற்ற வேண்டும். இயந்திரம் பழைய செங்கல்லை உடைத்துவிடும். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, உத்திர முனைகளைத் தச்சரிடம் காட்ட வேண்டும். அதன் பின்னரே ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் பூசலாம். ஒரு பூச்சு இறுகிய பின்பே அடுத்தது. வெயில் படாமல் மறைத்து, லேசாக நீர் தெளித்து வர வேண்டும். இறுதியில் வெள்ளையடித்தால் போதும்.

ஒரு சுவர் மூச்சுவிடுகிறதா என்பதை ஓரளவு அறிய எளிய சோதனை உண்டு. காய்ந்த சுவரில் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் வண்ணம் பூசிய சுவரில் நீர் வழிந்தோடும்.

நேரில் காண

புதுச்சேரி வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பின் முயற்சியால் பழைய வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டுள்ளன. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு உள்ளது.

பழைய வீட்டின் மேல் எந்த அடுக்கைச் சேர்த்தாலும் அது உள்ளிருக்கும் சுவரைவிட எளிதாக ஈரத்தை வெளிவிட வேண்டும். இந்த விதி மீறப்பட்டால், வீட்டைக் காக்கச் செலவிட்ட பணமே அதன் உத்திரத்தை உளுக்க வைத்துவிடும்.