ஸகரமும் வாக்கெடுப்பும்: விக்கிப்பீடியாவில் முடிவெடுக்கும் விதம்

நாவிதன்வெளியில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "சேர், இதுல இஸ்லாம் எண்டத 'இசுலாம்' எண்டு போட்டிரிக்காங்க. ஆரு இப்பிடி முடிவெடுத்த?" என்று கேட்டார். தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கம் அது. கேள்வியின் முதற்பாதியில் இருந்த கோபம் எனக்கும் பழக்கமானதுதான். என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் பாதி. யார் முடிவெடுத்தார்கள்? பத்திரிகை என்றால் ஆசிரியரைக் கேட்கலாம். பாடப்புத்தகம் என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இருக்கிறது. இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

யாரிடமும் கேட்க முடியாது என்பதும், எல்லாரிடமும் கேட்கலாம் என்பதும் இரண்டுமே சரியான விடைதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கியது. அதை ஆரம்ப நாட்களில் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவரான இ. மயூரநாதன். கட்டடக் கலைஞரான அவர் ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர் குழு எதுவும் அங்கே கிடையாது. நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம், நாம் எழுதியதை மற்றொருவர் அடுத்த நிமிடமே மாற்றவும் செய்யலாம்.

அப்படியென்றால் சண்டை வராதா? வரும். அதற்குப் பெயரே 'தொகுப்புப் போர்'. நான் 'இஸ்லாம்' என்று மாற்றுகிறேன், நீங்கள் 'இசுலாம்' என்று திருப்புகிறீர்கள், நான் மறுபடி மாற்றுகிறேன். இது நீண்டால் நிர்வாகி ஒருவர் பக்கத்தைப் பூட்டிவிட்டு, பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார். ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. ஒரு கட்டுரையோடு முடியாத பொதுவான விஷயங்களுக்கு வேறோர் இடம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆலமரத்தடி'. பெயர் எனக்குப் பிடிக்கும். ஊரில் பள்ளி வாசற்படியில் அஸருக்குப் பிறகு நடக்கிற பேச்சும் கிட்டத்தட்ட இதுதான். வித்தியாசம், இங்கே சொன்னது எல்லாம் எழுத்தில் நிற்கும், பத்து வருடம் கழித்தும் யார் எப்போது என்ன சொன்னார் என்று பார்க்கலாம்.

இந்த ஆலமரத்தடியில் தலையை எண்ணுவது முதல் வேலை அல்ல. விக்கிப்பீடியா தன்னை ஜனநாயகப் பரிசோதனை என்று சொல்லிக்கொள்வதில்லை. அது தேடுவது இணக்க முடிவு. எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வதை இது குறிக்காது. எதிர்த்தவர்கள் சொன்ன நியாயமான காரணங்களுக்குப் பதில் சொல்லப்பட்டு, அவர்களும் "சரி, இதோடு வாழலாம்" என்கிற இடம் வரை போவதையே குறிக்கும். ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விவாதிக்கும்போது ஆளாளுக்கு 'வைக்க', 'நீக்குக' என்று தடித்த எழுத்தில் போடுவார்கள். பார்த்தால் வாக்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதை வாக்கல்லாத வாக்கு என்றே பகிடியாக அழைக்கிறார்கள். காரணம் எழுதாமல் 'நீக்குக' என்று மட்டும் போட்ட பத்துப் பேரைவிட, ஆதாரம் காட்டி எழுதிய மூன்று பேருக்கு முடிவெழுதுபவர் அதிக எடை கொடுக்கலாம்.

இப்போது ஸகரத்துக்கு வருவோம். கிரந்த எழுத்துகளைத் தலைப்புகளில் பயன்படுத்தலாமா என்ற வாதம் தமிழ் விக்கிப்பீடியாவில் மிக நீண்டது. ஒரு தரப்பு, பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு மாற்றி எழுதுவதே மரபு என்கிறது. இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. உமறுப் புலவரே சீறாப்புராணத்தில் அரபுப் பெயர்களைத் தமிழ் ஓசைக்கு வளைத்தவர்தான். உஸ்மான் அங்கே உதுமான். மறு தரப்பு சொல்வது, காவியத்துக்கு ஒரு சந்தம், அடையாள அட்டைக்கு ஒரு பெயர். சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃபை 'அசுரப்' என்று எழுதினால் வாசிக்கிற பிள்ளைக்கு அசுரன் அல்லவா நினைவுக்கு வருவான்! பிறப்புச் சான்றிதழில் ஹகரத்தோடும் ஷகரத்தோடும் பதிந்த பெயரை வேறொருவர் கலைக்களஞ்சியத்தில் மாற்றி எழுதுவது திருத்தமா, பறிப்பா? அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தமிழின் ஒலிகளை எழுத வழி கண்டு, அரபுத்தமிழ் என்று ஒன்றையே ஆக்கிவைத்த சமூகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இதை வாக்குக்கு விட்டால் என்ன நடக்கும்? அங்கே தொடர்ந்து எழுதுகிற முஸ்லிம்கள் சொற்பம். ஒவ்வொரு முறையும் தோற்போம். எண்ணிக்கையால் மட்டும் முடிவு செய்வது சிறுபான்மைக்கு என்ன செய்யும் என்பதைக் கிழக்கில் வாழ்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே 'காரணத்தை எடைபோடு, தலையை எண்ணாதே' என்ற விதி நமக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. இணக்கம் என்பது பெரும்பாலும் களைத்துப் போகாதவரின் பக்கம்தான் சாயும். இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் பதில் எழுதத் தெம்புள்ளவர் வெல்வார். தொழிலும் பிள்ளைகளும் உள்ளவர் இரண்டாம் நாளே விட்டுவிடுவார். அதோடு, முடிவு வந்தாலும் அது இறுதியானதல்ல, புதிய காரணம் வந்தால் மீண்டும் திறக்கலாம். உஹதுக்கு முன் நடந்த மஷூராவை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நபியவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதை விரும்பியும், வெளியே போவோம் என்ற பலரின் கருத்தை ஏற்றார்கள். பிறகு அவர்களே மனம் மாறி வந்தபோது முடிவை மாற்றவில்லை. போர்க்களத்துக்கு அது வேண்டும். கலைக்களஞ்சியத்துக்குக் கதவு திறந்தே கிடந்தால் பரவாயில்லை.

ஆனாலும் வாக்கெடுப்பு அறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆளைத் தெரிவு செய்யும் இடத்தில் எண்ணியே ஆக வேண்டியிருக்கிறது. எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான 'மேலாளர்' பொறுப்புக்குப் போட்டியிடுபவருக்குக் குறைந்தது 30 ஆதரவு வாக்கும், ஆதரவு எதிர்ப்பில் 80 வீதமும் வேண்டும். ஐம்பதுக்கு மேல் ஒன்று போதாது, ஏனென்றால் அந்தக் கையில் கொடுப்பது பூட்டும் சாவியும். விக்கிமீடியா அறக்கட்டளையின் சபைக்கு 2021இல் நடந்த தேர்தலில் விருப்பு வரிசைப்படி வாக்களித்தார்கள். இது நமக்கு விளங்கும். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால் வரலாற்றில் முதற்தடவையாக இரண்டாம் விருப்புகளை எண்ணினார்களே, அந்தச் சிந்தனையின் உறவுக்கார முறைதான். அந்த 2021 தேர்தலில் வாக்களிக்கக் குறைந்தது 300 தொகுப்புகளாவது செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நேற்றுக் கணக்குத் திறந்து இன்று வாக்குப் போட ஏலாது.

நிபந்தனை ஏன் என்றால், 'கைப்பாவை' என்றொரு நோய். ஒரே ஆள் ஐந்து பெயரில் வந்து ஐந்து தடவை ஆதரவு போடுவது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் நடந்தது இதன் உச்சம். சில நிர்வாகிகள் சேர்ந்து, ஒத்துவராதவர்களைத் தடைசெய்து, கைப்பாவைகளையும் பயன்படுத்தி, பல வருடங்கள் ஒரு நாட்டின் வரலாற்றையே தீவிர தேசியவாதச் சாய்வில் எழுதிவைத்தார்கள். 2021இல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை அதை விலாவாரியாகச் சொன்னது. சட்டம், வாக்கு, விவாதம் எல்லாம் அங்கேயும் இருந்தன.

வேறு குழுக்கள் வேறு விதம். இணையத்தின் தொழில்நுட்ப நியமங்களை வகுக்கும் ஐஈடிஎஃப் கூட்டங்களில் கையுயர்த்துவதற்குப் பதிலாக 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வார்கள். எந்தப் பக்கம் சத்தம் கனமாக இருக்கிறது என்று தலைவர் கேட்பார். கதை கேட்கும்போது 'ம்' கொட்டிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவோ நேரெதிர். 1998 முதல் எழுதப்பட்ட யாப்பு, வருடாவருடம் தலைவர் தேர்தல், வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஒருவரை ஒருவரோடு மோதவிட்டு எண்ணும் முறை. வாக்குச்சீட்டில் 'இவர்களில் எவருமில்லை' என்பதும் ஒரு வேட்பாளர் மாதிரியே நிற்கும். 2014இல் ஒரு தொழில்நுட்பச் சர்ச்சையில் வாக்கெடுத்தார்கள். வென்ற தெரிவு என்ன தெரியுமா? 'இதற்குப் பொதுத் தீர்மானம் தேவையில்லை' என்பது.

நம் ஊர்க் குழுமங்களில் வட்ஸ்அப் வாக்கெடுப்பு 2022 கடைசியில் வந்தது. இப்போது எதற்கெடுத்தாலும் அதுதான். நானிருக்கும் ஒரு குழுமத்தில் கூட்டத் திகதி தொடங்கி நிருவாகத் தெரிவு வரை அதிலேயே போட்டார்கள். யார் எதைத் தட்டினார் என்பது எல்லாருக்கும் தெரியும். தலைவரின் மச்சான் எதிர்த்துத் தட்டுவாரா? கட்டாரில் இருப்பவர் தூங்கி எழும்போது முடிவே அறிவித்தாயிற்று. எத்தனை பேர் தட்டினால் செல்லும், எப்போது முடியும், ஒருவர் பல தெரிவுகளைத் தொடலாமா என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. தட்டாமல் இருந்தவர்களைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளி நிருவாகத் தெரிவில் ஜும்ஆவுக்குப் பிறகு கையுயர்த்தும்போதுகூட இதைவிட ஒழுங்கு இருக்கும்.

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கணக்குத் திறந்து, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் முதலில் எழுதியது, "இது பிழை, மாத்துங்க" என்ற ஒரே வரி. இரண்டு நாளில் யாரோ ஒருவர் மரியாதையாக, "ஏன் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். 'இஸ்லாம்' என்று தேடுபவரும் அதே பக்கத்துக்கே வர வழிமாற்று இருப்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார். "தேடினா வருது சேர், ஆனா தலைப்பு அப்படியேதானே இரிக்கி" என்றார் மாணவர். அதையே அங்கே எழுதும்படி சொன்னேன். பாடப்புத்தகங்களில், நாளிதழ்களில், அரச வர்த்தமானியில் சொல் எப்படி அச்சாகிறது என்று பக்க எண்ணோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார். சீறாப்புராணத்தையும் மறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன், எதிர்த்தரப்பு எப்படியும் அதை எடுத்துக்கொண்டு வரத்தான் போகிறது.