அக்ரிஜெந்தோவுக்கு முன் குவெஸ்தூரா

பள்ளி விடுமுறை விட்டால் போதும், பலெர்மோத் தமிழ் வீடுகளில் விருந்தினருக்குக் குறைவில்லை. லண்டனிலிருந்து அண்ணன் குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, சென்னையிலிருந்து மச்சாள். மொந்தே பெல்லெக்ரினோவில் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு, பல்லாரோச் சந்தையைச் சுற்றிக்காட்டியதும், மறுநாள் விடியவே ரயிலேறி அக்ரிஜெந்தோவின் கிரேக்கக் கோயில்களுக்குப் புறப்படுவார்கள். அந்த நாளில்தான் எல்லாம் பிழைத்துப்போகிறது. ஒரு வீட்டில் அம்மா வெயிலில் சாய்ந்துவிடுகிறார். இன்னொரு வீட்டில் திரும்பும் ரயிலில் அயர்ந்து தூங்கி எழும்பினால் கைப்பை இல்லை. அதற்குள்தான் நாலு பேருடைய கடவுச்சீட்டும். பொலிஸில் போய் நின்றால், 'எங்கே தங்கியிருக்கிறீர்கள், பத்திரம் எங்கே' என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

முதலில் அந்தப் பத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாத ஒருவரை வீட்டில் தங்கவைத்தால், 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெயர் 'கொமுனிக்காசியோனே தி ஒஸ்பித்தாலித்தா'. 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கக் குடிவரவுச் சட்டம், 7ஆம் பிரிவு. 'பெற்ற தாய்க்குமா?' என்று கேட்பவர்களுக்கு: உறவினரானாலும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டுள்ள அண்ணனும் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இதில் அடக்கம். கொடுக்காவிட்டால் 160 முதல் 1,100 யூரோ வரை அபராதம், அதுவும் விருந்தினருக்கல்ல, வீட்டுக்காரருக்கு.

கொடுக்க வேண்டிய இடம் பியாத்சா தெல்லா வித்தோரியாவில் உள்ள பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா, அல்லது உங்கள் பகுதியின் பொலிஸ் கொமிசாரியாத்தோ. படிவத்தில் உங்கள் விபரம், விருந்தினரின் விபரம், கடவுச்சீட்டு இலக்கம், வீட்டு முகவரி, தங்குவதற்கான காரணம். இரண்டு பேருடைய அடையாளப் பத்திரப் பிரதிகளையும் இணையுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். 'வைத்துவிட்டுப் போங்கள்' என்று கவுண்டரில் கையசைப்பார்கள், முத்திரையில்லாமல் நகராதீர்கள். சளைத்துத் திரும்புவதைவிட, பதிவுத் தபாலில் வரவு அறிவித்தலோடு அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்தலாம்.

இன்னொன்று. கொழும்பிலிருந்து வருகிறவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ விமானம் மாறினால், செங்கன் நாடு ஒன்றிலிருந்து இத்தாலிக்குள் வந்ததாகவே கணக்கு. அவர் 8 நாளுக்குள் குவெஸ்தூராவில் 'திக்கியாராசியோனே தி பிரெசென்சா' என்ற வருகை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அங்குள்ள பதிவே போதும். உங்கள் வீட்டில் தங்கினால் போதாது.

இனிக் கோயில். பலெர்மோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடதாசிச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் குத்த வேண்டும். போனில் வாங்கிய பிராந்திய ரயில் சீட்டுக்கு செக்-இன் செய்ய வேண்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியும் அபராதம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கொன்கோர்தியா கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பிரகாரமும் மண்டபமும் வைத்து நிழல் தருகிற நம்மூர்க் கோயில் அல்ல. மொட்டைக் குன்றின் முதுகில் நீண்ட நடை, அங்கங்கே ஒலிவ் மரம், பாதாம் மரம், அவ்வளவுதான். இதே சிசிலியில், சிராக்கூசா அருகில், 2021 ஓகஸ்ட் 11 அன்று 48.8 பாகை வெப்பம் பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். வயதானவர்களோடு போகிறவர்கள் கிழக்கே ஜுனோ கோயில் வாசலால் உள்ளே போங்கள். பாதை மேற்கே இறக்கமாக இருக்கும். பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, மிச்சத்தையும் பார்ப்போம்' என்பதுதான் ஆளைச் சாய்க்கிற வாசகம்.

பேச்சுக் குழறி, வியர்வை நின்று, உடம்பு கொதித்தால் அது களைப்பு அல்ல. 112க்கு அடியுங்கள். நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விசா முடிந்தவர் என்று பயந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்க முடியாது. பத்திரமில்லாதவர் வந்தார் என்று ஆஸ்பத்திரி பொலிஸுக்கு அறிவிக்கவும் கூடாது. முதலில் சொன்ன அதே குடிவரவுச் சட்டம், 35ஆம் பிரிவு. மீண்டும் சொல்கிறேன், பயந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செங்கன் விசாவுக்காக எடுத்த காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கும். அதன் தொலைபேசி இலக்கம் சூட்கேஸில் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

கடவுச்சீட்டு தொலைந்தால் அன்றைக்கே எந்தக் கரபினியேரி நிலையத்திலும், குவெஸ்தூராவிலும் 'தெனூன்சியா' என்ற முறைப்பாட்டைக் கொடுக்கலாம். அக்ரிஜெந்தோவில் தொலைந்ததைப் பலெர்மோவிலும் எழுதிக்கொள்வார்கள், காசு இல்லை. 'நாளைக்கு வாங்க' என்றால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள். திருட்டா, தொலைந்ததா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு இலக்கம், விசா இலக்கம், நுழைந்த தேதி மூன்றும் எழுதியாக வேண்டும். நம் நீளப் பெயர்களில் எழுத்துப் பிழை வரும், கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். முத்திரையிட்ட பிரதி இல்லாமல் தூதரகம் அசையாது.

சிசிலிக்கு இந்தியத் தூதரகமும் இலங்கைத் தூதரகமும் ரோமில். பிரதி, புகைப்படம், பழைய கடவுச்சீட்டின் நகல் எல்லாம் சேர்த்தபின், போன் பண்ணி நேரம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே; லண்டன் விசாவோடு வந்த இந்தியர் அதை வாங்கினால் லண்டன் போக முடியாது, புதிய கடவுச்சீட்டையே கேட்க வேண்டும். பை பிறகு கிடைத்தாலும், தொலைந்ததாக அறிவித்த பழைய கடவுச்சீட்டோடு விமான நிலையம் போகாதீர்கள், தூதரகத்தில் ஒப்படையுங்கள்.

நாலு பேருடைய கடவுச்சீட்டையும் ஒரே பைக்குள் போடாதீர்கள். அவரவர் கடவுச்சீட்டு அவரவர் உடம்போடு, நகல் போனிலும் வீட்டிலும்.