கெளுத்தி குத்தினால் முதலில் வெந்நீர்

கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றியதும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் மீன்பிடித் திருவிழா களைகட்டும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதுமே கரையில் காத்திருந்த கூட்டம் ஊத்தா, கச்சா, வலையோடு சேற்றில் இறங்கிவிடும். ஊத்தா அடியும் மேலும் திறந்த கூடை. அதைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவித்தான் மீனை எடுக்க வேண்டும். கலங்கிய நீரில் கையில் படுவது கெண்டையா கெளுத்தியா என்று தெரியாது. பலர் குத்து வாங்குவது அப்போதுதான்.

மீசை அல்ல, முள்

கெளுத்தியின் மீசை இரை தேடும் உணர்உறுப்பு. அது யாரையும் குத்தாது. ஆபத்து முதுகுத் துடுப்பின் முன்முள்ளிலும், இரு பக்கத் துடுப்புகளின் முட்களிலும் இருக்கிறது. மிரண்டதும் இவை விறைத்து நின்றுகொள்ளும். பல வகைகளில் முள்ளோரம் பல் பல்லாக இருக்கும். முள்ளை மூடிய தோலில் நச்சுச் சுரப்பி உண்டு. தேளி மீனுக்கு முதுகில் முள் கிடையாது, ஆனால் பக்க முட்களின் கடுப்பே ஆளைத் துடிக்க வைத்துவிடும்.

குத்திய உடனே

இந்த நச்சு பெரும்பாலும் புரதம். சூட்டில் வீரியம் குறையும். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவிவிட்டு, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் தோல் வெந்துபோகும்.

சுண்ணாம்பு தடவுவது, கயிறு கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். திருவிழா நடத்தும் ஊர்கள் கரையில் ஓர் அண்டா வெந்நீர் வைத்திருந்தால் எத்தனையோ பேரின் வேதனை குறையும்.

வலி அடங்கியது என்று விட்டுவிடவும் கூடாது. முள் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குளத்து நீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் இது வேகமாக முற்றும். சிவப்பு பரவினாலோ, நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுப்படியில்

செத்த கெளுத்தியும் குத்தும். அதனால் முதல் வேலை மூன்று முட்களையும் வெட்டி எறிவது. செதில் இல்லாத மீன் என்பதால் வழுவழுப்பு அதிகம். கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போகும். செவுளையும் குடலையும் முழுதாக நீக்க வேண்டும்.

புளிக்குழம்பில் நன்றாகக் கொதித்த கெளுத்தி புரதமும் பி12 வைட்டமினும் தரும் நல்ல உணவு. கவனம் வேண்டியது வறுவலில்தான்: பெருந்தீயில் வறுத்த தடித்த துண்டு வெளியே முறுகி, உள்ளே வேகாமல் நிற்கும். நன்னீர் மீனில் நாதோஸ்டோமா என்ற புழுவின் இளம்புழு இருக்கக்கூடும். உட்சதை வெளுத்து முள்ளிலிருந்து தானாக உதிரும்வரை வேக வேண்டும்.

சந்தையில்

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு இந்தியாவில் தடை உள்ளது. அது நாட்டு மீன்களை விழுங்கித் தீர்க்கும்; தடையை மீறி வளர்க்கும் பல பண்ணைகளில் இறைச்சிக் கழிவே அதற்குத் தீனி. நாட்டு மீன்தானா, எந்தக் குளத்தில் பிடித்தது என்று விற்பவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆலைக்கழிவு கலக்கும் ஏரி மீனில் சேர்ந்த ஈயமும் காட்மியமும் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.