அந்நிய மண்ணில் ஓர் அலுவலகம் – 7: ஒரே குதிர், பல உலை

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் 1963இல் பாங்காக்கில் ஒரு தொடர்பு அலுவலகம் திறந்தது. கியோட்டோவில் தென்கிழக்காசிய ஆய்வு மையம் பிறந்ததே அந்த ஆண்டுதான். வீடு கட்டும்போதே திண்ணையையும் போட்டுவிட்டார்கள். இந்த மையத்துக்கு அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளைப் பணம் எதற்கு என்று கியோட்டோவிலேயே ஒரு சாரார் கொதித்தது தனிக் கதை.

திண்ணையில் என்ன வேலை? பெரும்பாலும் காகித வேலை. தாய்லாந்தில் ஆய்வு செய்ய வரும் வெளிநாட்டார் அங்குள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் விசா, கடிதங்கள், கணக்கு வழக்கு. கியோட்டோ ஆசிரியர்கள் முறைவைத்து வந்து இந்த நாற்காலியில் உட்காருவார்கள். மண்ணையும் நெல்லையும் ஆராய்ந்தவர் இங்கே ரசீது அடுக்குகிறாரே என்று பரிதாபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பரிதாபம் இல்லை. ஆள் மாறினாலும் நாற்காலி அங்கேயே இருக்கிறது, பழக்கம் விட்டுப்போவதில்லை. ஊரை ஒரு முறை பார்த்துவிட்டு வருவதற்கும் இருபது வருடம் கழித்து அதே ஊருக்குப் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

டோன் டேங் என்ற ஊரைப் பாருங்கள். தாய்லாந்தின் வடகிழக்கில், கோன்கேன் நகரத்துக்குப் பக்கத்தில், சீ ஆற்றங்கரைச் சமவெளியில் உள்ள நெல் கிராமம். வானம் பார்த்த வயல்கள். மழை பொய்த்தால் நாற்று காயும், ஆறு பெருகினால் பயிர் மூழ்கும். 1964இல் கியோட்டோ மையத்திலிருந்து மிசுனோ கொயிச்சி என்ற சமூகவியலாளர் அங்கே போய்த் தங்கினார். அவர் கண்ட வழக்கம் இது: கல்யாணமான மகள் புருஷனோடு பெற்றோர் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அதே வளவில் தனி வீடு கட்டிக்கொள்வாள். உலை தனித்தனி. ஆனால் வயலில் பெற்றோரோடு சேர்ந்தே உழைப்பு, அரிசிக்கு நெல் பெற்றோரின் குதிரிலிருந்தே. 'சேர்ந்து செய்வது, சேர்ந்து உண்பது' என்று ஊரார் இதைச் சொன்னார்கள். நம் கூட்டுக்குடும்பம் மாதிரிதானே என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இங்கே வீட்டோடு வருபவர் மருமகன்.

மிசுனோ 1979இல் இறந்துவிட்டார். அவருடைய நூல் 1981இல், ஜப்பானிய மொழியில் வந்தது. அதே ஆண்டு புகுய் ஹயாவோ தலைமையில் வேளாண்மை, சமூகவியல் என்று பல துறையினர் சேர்ந்த ஒரு குழு டோன் டேங்குக்குப் போனது. மிசுனோ எழுதிவைத்த கணக்கு கையில் இருந்ததால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட முடிந்தது. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் ஊரில் ஜனம் பெருகினால் என்ன ஆகும்? 'ஹா நா டி', அதாவது நல்ல வயல் தேடுதல் என்று சொல்லிக் குடும்பங்கள் மூட்டை கட்டிப் புதுக்காடு தேடிப் போயின. தேடுவதற்குக் காடு குறைந்த காலத்தில் கோன்கேன் நகரத்து வேலை கைகொடுத்தது.

இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில் நல்ல காலம் மட்டும் ஓடவில்லை. 1972இல் தாய் மாணவர்கள் ஜப்பானியச் சரக்கைப் புறக்கணித்தார்கள். 1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாகா வந்தபோது பாங்காக்கில் எதிர்ப்பு ஊர்வலம். அடுத்த சில நாட்களில் ஜகார்த்தாவில் கலவரமே வெடித்து ஜப்பானியக் கார்கள் எரிந்தன. ஜப்பானியர் என்றாலே வியாபாரி என்று ஊர் எண்ணிய நாளில், நோட்டும் பேனாவுமாக வயல் வரப்பில் நிற்பது லேசான காரியமாக இருந்திருக்காது.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். குழுவின் ஆய்வைச் சொல்லும் புகுய் நூல் 1993இல் ஆங்கிலத்தில் வந்தது. மிசுனோ நூல் ஜப்பானியத்தில். ஊர்க்காரர் தம் கதையைப் படிக்க எந்த மொழிக்குப் போவார்? கியோட்டோ மையம் 2002இல் தொடங்கிய இணைய இதழ் தாய், இந்தோனேசிய மொழிபெயர்ப்புகளையும் வெளியிட்டது. அலுவலகம் திறந்து முப்பத்தொன்பது வருடம் கழித்து! தாமதம்தான், ஆனால் சரியான திசை.

ஜகார்த்தா அலுவலகம் 1970இல் திறந்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.