வாசலுக்கு மினுக்கம் வேண்டாம்

“தம்பி, உள்ளுக்குப் போட்டதுல ரெண்டு பெட்டி மிச்சம் கெடக்கு. அதையே வாசலுக்கும் ஒட்டிருங்க.”

பன்வில பக்கம் டைல்ஸ் வேலைக்குப் போகும் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். “மழை நாள்ல அம்மாயி இதுல எப்படிக்கா நடப்பாங்க?” என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் நனைக்கிற ஊர் இது. நிழல் விழும் வாசலில் பாசி சீக்கிரம் பிடிக்கும்.

வெளித்தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் வாங்குங்கள். பெட்டியில் ஆர் 11 என்று இருந்தால் நல்லது. எண்ணெய் பூசிய டைல்ஸில் ஓர் ஆளை நடக்கவிட்டு, தரையை மெல்லச் சாய்த்துப் பார்த்துக் கொடுக்கிற எண் அது. ஆர் 11 டைல்ஸ், 19 பாகைக்கு மேல் சாய்ந்த பிறகும் காலைப் பிடித்து நிறுத்தும். சுவர் டைல்ஸை வெளியில் போடவே வேண்டாம். அது நீரை நன்றாக உறிஞ்சும். போர்சலின் டைல்ஸ் என்றால் உறிஞ்சுவது 0.5 வீதத்துக்கு மேல் போகாது.

ஆனால் நல்ல டைல்ஸ் வாங்கியும் வாசல் கெட்டுப்போவதற்குக் காரணம் அடியில் இருக்கிறது. கொங்கிரீட் போடும்போதே வாட்டம் வைக்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் என்று வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இறக்கினால், எட்டு அடி வாசலுக்கு இரண்டு அங்குலம். கண் மதிப்பு போதாது, நூல் கட்டுங்கள். மலையை வெட்டி மண் நிரப்பிய இடமென்றால் மண்ணை நன்றாக இடித்து இறுக்காமல் கொங்கிரீட் போடாதீர்கள்.

அடுத்தது ஒட்டும் விதம். மூலைக்கொன்று, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டை வைத்து அழுத்துவது சீக்கிரமான வேலை, கெட்ட வேலை. இடையில் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும். இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூச்சட்டி வைத்த மூலை உடையும். பல் வைத்த கரண்டியால் பசையைத் தரை முழுக்க இழுத்து, டைல்ஸின் முதுகிலும் பூச வேண்டும். ஒட்டியதில் ஒன்றை உடனே கிளப்பிப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை இருக்க வேண்டும்.

இடுக்கு 5 மில்லிமீட்டர் விடுங்கள். சுவரோரத்தில் சீமெந்து அடைக்காமல் சிலிக்கன் போடுங்கள். வெயிலில் டைல்ஸ் விரியும்; இடமில்லாவிட்டால் தூக்கிக்கொள்ளும்.

முதல் டைல்ஸ் ஒட்டுமுன் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்காவது தேங்கி நின்றால் வேலையை நிறுத்தி, வாட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மேசன் பாஸ் கோபித்தாலும் விடாதீர்கள்.