வாசல் பெட்டி – 9: ஸ்டிக்கரில் இருப்பது யார் முகவரி?

போன வாரம் ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்லியிருந்தேன். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு என்பதை மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் ரூட்டர் ஆப்பில் நாம் திறக்கும் கணக்கைப் பற்றி எழுதுவதாக வாக்கு. எழுதியிருப்பேன், செவ்வாய்க்கிழமை காலை மதுரையிலிருந்து அத்தை வாட்ஸப்பில் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

"நெட்டு போச்சுடா. ஆப்பைத் தொறந்தா ரூட்டரையே காணோம்ங்குது. கண்ணு முன்னாடி டிவி பக்கத்துல உக்காந்திருக்கு, காணோம்ங்குது!"

"அத்தை, மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணுங்க."

செய்தார். அழைப்பு அறுந்தது. சாதாரண அழைப்பில் திரும்ப வந்து திட்டியதை இங்கே எழுத முடியாது.

விஷயம் இதுதான். வைஃபையில் இணைந்திருந்தும் நெட் வரவில்லை என்றால், போன் சத்தம் காட்டாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப்போ ரூட்டரை வீட்டுக்குள்தான் தேடும். போன் தெருவில் நிற்கிறது. ஆக, நெட் போகும்போது கைகொடுக்க வேண்டிய ஆப், நெட் போனால்தான் கண்ணை மூடிக்கொள்கிறது! விபிஎன் ஓடினாலும், விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் இதே கதை நடக்கலாம். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்று ஓர் அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருந்தால் ஆப்புக்கு ரூட்டர் தெரியாது. ஆண்ட்ராய்டில் ரூட்டர் ஆப் இருப்பிடம் கேட்டால் பதறாதீர்கள். சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்தே நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட முடியும் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்க்கவே இருப்பிட அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து வைஃபை வேலைகள் சிலவற்றுக்குத் தனி அனுமதி வந்துவிட்டது, ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்க இருப்பிட அனுமதிதான்.

இத்தோடு முடித்திருக்கலாம். அத்தை விடவில்லை. "ஸ்டிக்கர்ல ஏதோ அட்ரஸ் போட்டிருக்கு, அதைப் பிரவுசர்ல அடிக்கவா?"

"வேண்டாம்!" என்று கத்தியே விட்டேன். ஒரு வாரமாக என்னைப் பிடித்து ஆட்டும் 2016-ம் வருடத்துக் கதைதான் காரணம்.

ரூட்டரின் முகவரி எண்ணை நாம் மறந்துவிடுவோம் என்று, நினைவில் நிற்கும் ஒரு பெயரை ஸ்டிக்கரில் அச்சடிப்பார்கள். அந்தப் பெயரை வீட்டுக்குள் யார் கேட்டாலும் 'அது நான்தான்' என்று ரூட்டரே பதில் சொல்லிவிடும். வெளியுலகிலோ அது ஒரு சாதாரண இணைய முகவரி. காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். டிபி-லிங்க் நிறுவனம் தன் ரூட்டர்களில் அச்சடித்த 'டிபிலிங்க்லாகின் டாட் நெட்' என்ற முகவரி அதன் கையை விட்டுப் போய், முகம் தெரியாத யாரிடமோ சேர்ந்திருந்தது. 2016 ஜூலையில் அமிட்டாய் டான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளியே சொன்னார். முகவரிக்கு 25 லட்சம் டாலர் விலை சொல்வதாகவும் செய்தி வந்தது. நிறுவனம் அதற்குள் ஸ்டிக்கரில் வேறு முகவரிக்கு மாறியிருந்தது. சரி, ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கர்களை யார் போய்க் கிழிப்பது?

இப்போது அத்தையின் போனை நினைத்துப் பாருங்கள். நெட் இல்லை, மொபைல் டேட்டாவை அணைக்காமல் விட்டிருந்தால் போன் அதில்தான் நின்றிருக்கும். ஸ்டிக்கரில் உள்ள பெயரை அடித்தால் பதில் சொல்வது டிவி பக்கத்தில் இருக்கும் பெட்டி அல்ல, அந்த முகவரியை இன்று யார் வைத்திருக்கிறாரோ அவர். அவர் ஒரு லாகின் பக்கத்தைக் காட்டினால், அட்மின் பாஸ்வேர்டை நாமே தட்டிக் கொடுப்போம். அப்படி யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. கதவு திறந்து கிடந்தது, அவ்வளவுதான். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு சேவையைக் குறிப்பிட்டு வைத்திருந்தால், வைஃபையில் இருக்கும்போதே 'அந்தப் பெயர் யாருடையது' என்ற கேள்வி ரூட்டரைத் தாண்டி வெளியே போகும்.

எனவே பெயர் வேண்டாம், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, வைஃபை அமைப்பில் 'கேட்வே' என்ற இடத்தில் சரியான எண் இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகங்களுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1994-லேயே ஒதுக்கப்பட்டவை. 25 லட்சம் டாலர் கொடுத்தாலும் அவற்றை எவரும் வாங்க முடியாது.

அத்தை எண்ணை அடித்தார், பக்கம் திறந்தது. ரூட்டர்மேல் குற்றமில்லை, வெளியிலிருந்துதான் இணைப்பு வரவில்லை. பக்கத்திலிருந்த ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் சொன்னார். மொட்டைமாடியில் எலி வயரைக் கடித்திருந்தது. மதியம் கேபிள்காரர் வந்து ஒட்டிக் கொடுத்தார்.

ஆப் கணக்கு அடுத்த வாரம், கட்டாயம். சோதித்துப் பார்க்கிறவர்கள், முடித்ததும் மொபைல் டேட்டாவை மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். மறந்துவிட்டு, வெளியே போனால் நெட் வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.